விளிம்பு பிரியாமல் தைப்போம்: ஓவர்லொக் மெசின் பற்றிய பாடம்

கடையில் வாங்கிய ஒரு சட்டையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். துணி வெட்டப்பட்ட விளிம்பு எங்கும் வெறுமையாக இராது. மூன்று அல்லது நான்கு நூல்கள் அதைச் சுற்றி வேலி அடைத்தாற்போல் பின்னிக் கிடக்கும். இனி வீட்டில் கால் மெசினில் தைத்த ஒரு சட்டையைத் திருப்பிப் பாருங்கள். பத்துத் தடவை துவைத்தபின் அதன் உட்புறம் நூல் நூலாகப் பிரிந்து, சில இடங்களில் தையல்வரை வந்திருக்கும். தைத்தவருடைய கை மோசமல்ல. விளிம்புதான் காவலில்லாமல் விடப்பட்டது. கூடை முடைகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எவ்வளவு நெருக்கமாக முடைந்தாலும் வாயைக் கட்டாத கூடை ஒரு கொழுந்து நாளைக்கூடத் தாங்காது.

துணிக்கு வாய்க்கட்டுப் போடுகிற இயந்திரமே ஓவர்லொக். இவ்விதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

இந்தப் பாடத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் ஊவாவின் மலைச்சரிவுகள் பல இடங்களில் இறங்கியபோதும், வீட்டோடு மரக்கறித் தோட்டத்தையும் இழந்த குடும்பங்கள் பல. மண் இல்லாத விவசாயிக்கு முதலில் கிடைக்கிற உதவிப் பொருள்களில் ஒன்று தையல் மெசின். சில இடங்களில் ஐந்தாறு குடும்பங்களுக்கு ஓர் ஓவர்லொக்கும் சேர்ந்து கிடைக்கிறது. ஆனால் தெமோதரை, உடுவரை, ஹாலிஎல பக்கங்களில் தையல் பழகும் பெண்களுடன் பேசும்போது ஒன்று விளங்குகிறது: கால் மெசின் ஓடிக்கொண்டிருக்கும், ஓவர்லொக் மூலையில் சீலை போர்த்தி நிற்கும். கேட்டால் “பழுது” என்பார்கள்.

எமது அனுபவத்தில், அப்படி நிற்கும் மெசின்களில் பெரும்பாலானவற்றில் எந்த உறுப்பும் உடைந்திராது. ஊசி வளைந்திருக்கும், அல்லது நூல் ஒரு துளையைத் தவறவிட்டிருக்கும், அல்லது யாரோ ஒருவர் எல்லாக் குமிழ்களையும் திருப்பிவிட்டிருப்பார். இதற்காகப் பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ மெக்கானிக்கை மலைக்கு அழைத்தால் அவருடைய கூலியோடு நான்கு நாள் வேலையும் போய்விடும். பாடசாலை தொடங்குகிற வாரத்தில் அந்த நான்கு நாள் என்பது அந்த வருடத்தின் நல்ல வருமானம் முழுவதுமாக இருக்கலாம். ஆகவே மெக்கானிக் வராமலே நாம் செய்யக்கூடியதை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

கார்மன்ட்ஸில் வேலை செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை

1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கிய பிறகும், 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களை நோக்கி வந்த பிறகும், எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்பிள்ளைகள் கார்மன்ட்ஸுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஓவர்லொக்கில் ஐந்து வருடம் இருந்தவர்களும் உண்டு. வேகத்தில் அவர்களை யாரும் வெல்ல முடியாது.

ஆயினும் தொழிற்சாலையில் ஒருவருக்கு ஒரு வேலைதான். தோள் மூட்டுகிறவர் நாள் முழுவதும் தோளே மூட்டுவார். நூல் அறுந்தால் கையை உயர்த்துவார், மெக்கானிக் வருவார். நூல் இறுக்கத்தைத் தொடுவதற்கு ஓப்பரேட்டருக்கு அனுமதி இராது. அதனால் பல வருடம் அந்த மெசினில் உட்கார்ந்தவர்களுக்கும் அதன் உள்ளே நடப்பது தெரியாமல் போய்விடுகிறது. அவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. அவர்களுடைய கைப்பழக்கத்தோடு கீழே சொல்லப்படுவதும் சேர்ந்தால் ஊரிலேயே சிறந்த தையற்காரி அவர்தான்.

மெசினின் உள்ளே

சாதாரண மெசினில் மேலே ஓர் ஊசி நூலும் கீழே ஒரு பொபின் நூலும் இருக்கும். ஓவர்லொக்கில் பொபின் கிடையாது. அதற்குப் பதிலாக லூப்பர் என்ற இரண்டு வளைந்த கைகள் உண்டு. கீழ் லூப்பர் துணிக்குக் கீழே நூலைக் கொண்டுபோகும். மேல் லூப்பர் விளிம்பைத் தாண்டி மேலே வந்து நூலைப் போடும். இரண்டு நூலும் துணியின் ஓரத்தில் கைகோத்துக்கொள்ளும். ஊசி நூல் அவை இரண்டையும் துணியோடு பிடித்து நிறுத்தும். ஊசித்தட்டில் ஒரு சிறு விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைச் சுற்றித்தான் இந்தப் பின்னல் உருவாகிறது. அந்த விரல் வளைந்தாலோ கீறல் விழுந்தாலோ பின்னல் ஒழுங்காக வராது.

ஊசிக்கு முன்னால் இரண்டு கத்திகள். கீழ்க்கத்தி அசையாது, மேல்கத்தி ஏறி இறங்கும். துணி ஊசிக்குப் போவதற்கு முன்பே ஓரம் வெட்டப்பட்டுவிடுகிறது. சாதாரண மெசினில் தவறாகத் தைத்தால் பிரிக்கலாம். இங்கே வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். ஆதலால் கண் ஊசியைப் பார்ப்பதைவிடக் கத்தியைப் பார்க்க வேண்டும்.

இந்த வகைத் தையலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பின்னலாடை ஆலை நடத்திய மெரோ குடும்பத்தினர் உருவாக்கினார்கள். 1960களில் ஜப்பானில் வீட்டுக்கான சிறிய ஓவர்லொக் வந்தது. இன்று எங்களுக்குக் கிடைப்பவையும் இந்த இரண்டு வகைதான்: மேசையோடு வரும் தொழிற்சாலை மெசின், மேசைமேல் வைக்கும் வீட்டு மெசின்.

மூன்று நூல் மெசின் விளிம்பைக் காக்கும். ஆனால் பருத்தி, டெற்றோன் போன்ற நெய்த துணியில் அதை மட்டும் நம்பி இடுப்பையோ அக்குளையோ மூட்டக்கூடாது. முதலில் சாதாரண மெசினில் நேர்த்தையல் போட்டு, பிறகு விளிம்பை ஓவர்லொக் செய்ய வேண்டும். நான்கு நூல் மெசினில் இன்னோர் ஊசி இருப்பதால் பெனியன் துணியை அதிலேயே மூட்டலாம். ஐந்து நூல் மெசின் விளிம்பையும் கட்டி, பக்கத்தில் தனியாக ஒரு சங்கிலித் தையலும் போடும். அந்தச் சங்கிலித் தையல் நுனியில் கழன்றால் ஒரே இழுப்பில் பிரியக்கூடியது என்பதால் முடிவில் கட்டாமல் விடாதீர்கள்.

நூல் கோத்தல்

எங்கள் கணக்கில் பாதிப் “பழுதுகள்” இங்கேதான்.

முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். பழைய தொழிற்சாலை மோட்டார் சுவிட்சை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். பெடலை ஒரு முறை மிதித்து அந்த ஓட்டத்தைத் தீர்த்த பின்பே கையை உள்ளே விட வேண்டும். பாதத்தை உயர்த்துங்கள். பிறகு மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியாக ஊசி என்ற ஒழுங்கில் கோருங்கள்.

இந்த ஒழுங்கு ஏன் என்று பலர் கேட்பதுண்டு. ஊசி நூல் முன்பே கோத்திருக்கும்போது கீழ் லூப்பரைக் கோத்தால், ஊசி நூல் லூப்பருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். இரண்டு சுற்றுச் சுற்றியதும் நூல் அறும். மறுபடி கோப்போம், மறுபடி அறும். அரை நாள் போய்விடும், கோபமும் வரும். தையலின் நடுவில் கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்தாலும் இதுவே விதி: ஊசி நூலை ஊசியிலிருந்து உருவிவிட்டு, லூப்பரைக் கோத்து, பிறகு ஊசியைக் கோருங்கள். கோத்து முடிந்ததும் மோட்டாரைப் போடாமல், கைச் சக்கரத்தை அம்புக்குறி காட்டும் பக்கமாக நான்கைந்து முறை சுற்றிப் பாருங்கள். பின்னல் விழுந்தால் மட்டும் பெடலை மிதியுங்கள்.

கீழ் லூப்பரில் நூல் போகும் வழி கண்ணுக்குத் தெரியாது. நல்ல வெளிச்சமும் ஒரு சிறிய இடுக்கியும் வேண்டும். லயக் காம்பராவில் பகலிலும் இருட்டாக இருப்பதால் மெசினை வாசலுக்கு அருகே வைப்பதே நல்லது.

நிறம் மாற்றுவதற்கு முழுவதும் கழற்றிக் கோக்க வேண்டியதில்லை. பழைய நூலைக் கோனுக்கு அருகில் வெட்டி, புதிய நூலின் நுனியை அதோடு இறுகச் சிறு முடிச்சாகக் கட்டி, மெதுவாக ஓட்டினால் புதிய நூல் தானே போய்ச் சேரும். முடிச்சு இறுக்கத் தட்டுக்கு வரும்போது குமிழைத் தளர்த்தி விடுங்கள். ஊசிக் கண்ணுக்குள் மட்டும் முடிச்சு போகாது. அதற்கு முன்பே வெட்டிவிட்டுக் கையால் கோக்க வேண்டும். எல்லா நூலும் கழன்றுவிட்ட மெசினை வாங்கியவர்கள், ஒருமுறை சரியாகக் கோத்தபின் அந்த வழியை ஒரு தாளில் வரைந்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

நான்கு நிறத்தில் ஒரு சோதனை

நூல் இறுக்கத்தைப் பழகுவதற்கு நாங்கள் வகுப்பில் கையாளும் வழி இது. ஒவ்வொரு நூலும் வெவ்வேறு நிறமாக இருக்கட்டும்: ஊசிக்குக் கறுப்பு, மேல் லூப்பருக்குச் சிவப்பு, கீழ் லூப்பருக்கு நீலம் என்பதுபோல. நான்கு நூல் மெசினானால் இரண்டாவது ஊசிக்கு மஞ்சள். வெள்ளைத் துண்டுத் துணியில் ஒரு சாண் நீளம் தையுங்கள். இப்போது குற்றவாளி யார் என்று நிறமே சொல்லும்.

சரியான தையலில் சிவப்பு மேற்பக்கம் மட்டும், நீலம் கீழ்ப்பக்கம் மட்டும், இரண்டும் சந்திப்பது சரியாக ஓரத்தில். கறுப்பு மேலே ஒரு நேர்கோடு, கீழே சிறு புள்ளிகள்.

சிவப்பு ஓரத்தைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் போயிருந்தால் மேல் லூப்பர் தளர்ந்திருக்கிறது. அதைச் சிறிது இறுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கீழ் லூப்பர் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். நீலம் மேலே எட்டிப் பார்த்தால் இதற்கு எதிர்மாறு. கீழ்ப்பக்கம் கறுப்புப் புள்ளிகள் வளையங்களாகத் தொங்கினால் ஊசி நூல் தளர்வு. அப்படித் தைத்த மூட்டை இரண்டு பக்கமும் விரித்தால் ஏணிப்படிபோல் இடைவெளி தெரியும். துணி சுருங்கி அலைஅலையாக வந்தால் ஊசி நூல் இறுக்கம் கூடிவிட்டது. விளிம்பு உள்ளே சுருண்டு குழல்போல ஆனால் லூப்பர் நூல்கள் இறுகியிருக்கின்றன, அல்லது கத்தி துணியைக் குறைவாக வெட்டுகிறது. நூல் விளிம்புக்கு வெளியே வளையமாகத் தொங்கினால் லூப்பர்கள் தளர்வு, அல்லது கத்தி கூடுதலாக வெட்டுகிறது.

குமிழை வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் தளரும். ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும், அதுவும் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி தைத்துப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாகத் திருப்புகிறவருக்கு எதனால் சரிவந்தது, எதனால் கெட்டது என்று ஒருபோதும் தெரியாது. இன்னுமொன்று: குமிழைத் தொடுவதற்கு முன் நூல் உண்மையில் இரண்டு இறுக்கத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டுக்கு வெளியே கிடக்கும் நூலை எந்தக் குமிழாலும் இறுக்க முடியாது.

சரிவந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். எந்தத் துணி, எந்த அளவு என்று பக்கத்தில் எழுதி ஒரு கொப்பியில் தைத்துவைத்தால் அடுத்த தடவை அதுவே வழிகாட்டும்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஊசி புதியதாக இருக்கட்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் ஊசியை மாற்றுங்கள். வீட்டு மெசின் ஊசியின் தலை பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தொழிற்சாலை மெசின் ஊசியின் தலை உருண்டையானது. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. கடைக்குப் போகும்போது பழைய ஊசியையே எடுத்துச் செல்லுங்கள். பெனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி கேளுங்கள். கூர்முனை ஊசி பின்னல் இழையை அறுத்துச் சிறு ஓட்டைகளைப் போட்டுவிடும்.

குண்டூசி குத்திய துணியை ஓவர்லொக்கில் விடவே கூடாது. கத்தியில் குண்டூசி பட்டால் கத்தி முனை உடையும், உடைந்த துண்டு கண்ணுக்கும் வரலாம். உடுப்புக் காயப்போடும் கிளிப்பே போதும், பாதத்துக்கு வருமுன் எடுத்துவிடுங்கள்.

தொடங்கும்போது துணியில்லாமல் இரண்டு அங்குலம் சங்கிலி விடுங்கள். முடிவிலும் அப்படியே. அந்த வாலை ஒட்ட வெட்டிவிட்டால் தையல் பின்னோக்கிப் பிரியும். பெரிய கண்ணுள்ள கையூசியில் வாலைக் கோத்து, தையலுக்குள்ளேயே ஓர் அங்குலம் செருகிவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். குறுக்கே இன்னொரு மூட்டு வரப்போகிற இடமானால் இது தேவையில்லை, அந்தத் தையலே அதைப் பிடித்துக்கொள்ளும்.

வெளி மூலைக்கு வந்தால் திருப்ப முயலாதீர்கள். நேரே தைத்து வெளியே போய், துணியைத் திருப்பிப் புதிதாகத் தொடங்குங்கள். கழுத்து வளைவு போன்ற உள்வளைவில், கத்திக்கு முன்னால் உள்ள பகுதியைக் கையால் நேர்கோடாக்கிக் கொடுங்கள். மெசின் வளைவை அறியாது, தன் முன்னால் வருகிற இரண்டு அங்குலத்தைத்தான் அறியும். துணியைப் பின்னாலிருந்து இழுப்பது புதிதாகப் பழகுகிறவர்களின் வழக்கம். இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி லூப்பரில் மோதும்.

பெனியன் துணி தைத்தபின் அகப்பைபோல அகன்று நிற்கிறதா? பாதத்துக்கு அடியில் முன்பல், பின்பல் என இரண்டு உண்டு. இவற்றின் வேகத்தை வித்தியாசப்படுத்தும் நெம்பு பெரும்பாலான மெசின்களில் இருக்கும். 1 என்றால் இரண்டும் சமம். 1க்கு மேல் கூட்டினால் முன்பல் துணியைக் கூடுதலாகத் தள்ளும், பெனியன் துணி விரியாது. 1க்குக் கீழே குறைத்தால் மெல்லிய துணி சுருங்காது. தோள் மூட்டில் ஒரு ஒடுங்கிய நாடாவையும் சேர்த்துத் தைத்தால், குழந்தை உடுப்பு எத்தனை தடவை துவைத்தாலும் தோள் தொங்காது.

பிரிக்க நேர்ந்தால் எல்லா நூலையும் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஊசி நூலை மட்டும் நான்கைந்து தையலுக்கு ஒரு முறை வெட்டி உருவுங்கள். லூப்பர் நூல்கள் தாமாகவே கழன்று விழும்.

பாடசாலைச் சீருடை

எங்கள் பகுதியில் நிச்சயமான வேலை இதுதான். பாடசாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் வெள்ளைத் துணி வெட்டிய உடனே நூல் பிரியத் தொடங்குவது. ஆகவே மெசின் கைவசம் இருந்தால், வெட்டிய துண்டுகளை மூட்டுவதற்கு முன்பே பக்க விளிம்புகளையும் தோளையும் தனித்தனியே ஓவர்லொக் செய்துவிடுங்கள். பிறகு சாதாரண மெசினில் மூட்டி, உள்துணியை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டால் மூட்டுத் தட்டையாக நிற்கும்.

இங்கே ஒரு முக்கியமான விடயம். கார்மன்ட்ஸில் வேலை செய்த கை, விளிம்பில் நன்றாக வெட்டித் தைத்துப் பழகியது. அங்கே துணி மிச்சம் வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளுடைய கவுனோ அடுத்த வருடமும் உடுக்கப்பட வேண்டும். பக்க மூட்டில் முக்கால் அங்குலமாவது உள்ளே விட்டு வெட்டுங்கள். ஓவர்லொக் செய்யும்போது கத்தி, பிரிந்து நிற்கும் நூல் நுனிகளை மட்டும் சீவட்டும், துணியைத் தின்னக்கூடாது. கீழ் மடிப்பும் இரண்டரை அங்குலம் இருக்கட்டும். அடுத்த வருடம் ஒரு மாலை வேலையில் கவுன் பெரிதாகிவிடும். இடம்பெயர்ந்த வீட்டில் ஒரு புதுச் சீருடை என்பது என்ன செலவு என்று வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை விதவைகள் பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கையில் எடுத்துக் காட்டுகிறவர் உட்புறத்தையும் காட்டத்தான் செய்வார்.

மெசின் இல்லாதவர்கள் என்ன செய்வது? மெல்லிய துணியில், முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியக் கால் அங்குலத்தில் தைத்து, ஓரத்தைச் சீவி, திருப்பி, மறுபடி உட்புறம் தைத்தால் விளிம்பு இரண்டு தையலுக்குள் மறைந்துவிடும். தடித்த துணியில் ஒரு பக்க உள்துணியை ஒட்ட வெட்டி, மற்றதை அதன்மேல் மடித்துத் தைக்கலாம். இரண்டும் ஓவர்லொக்கைவிட உறுதியானவை என்பதே எமது கருத்து. நேரம்தான் கூடுதலாக எடுக்கும்.

நூல் கணக்கு

ஓவர்லொக் நூல் தின்னும் மெசின். சாதாரண மெசின் ஒரு மீட்டர் தைப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நூல் எடுக்கும். மூன்று நூல் ஓவர்லொக் சுமார் 14 மீட்டர் எடுக்கும். ஒரு கவுனில் விளிம்பெல்லாம் சேர்த்து 6 மீட்டர் என்றால் 84 மீட்டர் நூல். கூலி சொல்லும்போது இதை மறந்து “சும்மா ஓரம்தானே” என்று அடித்துக் கொடுப்பவர்கள் நூற்காசைத் தம் கையிலிருந்து கொடுக்கிறார்கள்.

அந்த 14 மீட்டரில் பெரும்பகுதியை லூப்பர்கள் எடுக்கின்றன. ஊசி எடுப்பது ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் மூன்று கோன் வாங்க வேண்டியதில்லை. லூப்பர்களில் வெள்ளை, சாம்பல் போன்ற பொது நிறத்தை வைத்து, ஊசிக்கு மட்டும் துணியின் நிறத்தில் ஒரு சிறு நூற்கட்டைப் போட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

எல்லாத் தையற்காரரிடமும் ஓவர்லொக் இருப்பதில்லை. பக்கத்துத் தோட்டங்களிலும் கடைவீதியிலும் கால் மெசின் வைத்திருப்பவர்களிடம் வெட்டிய துணியை வாங்கி, ஓரம் அடித்துக் கொடுப்பதே ஒரு தொழில். முழுச் சட்டை தைக்கக் கை பழகாதவர்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

மழையும் மின்சாரமும்

ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை எங்கள் மலையில் துணியே காயாது, இரும்பு துருப்பிடிப்பதில் வியப்பில்லை. வேலை முடிந்ததும் தூரிகையால் பஞ்சுத் தூசியைத் துடைத்து, பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்து இறக்கி, மெசினை மூடுங்கள். ஈரத் தூசி கத்திக்கு அடியில் கிடந்தால் ஒரு வாரத்தில் துரு வரும். கீழ்க்கத்தியின் முனை ஊசித்தட்டின் மட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். வெட்டு பிசிறினால் முதலில் அதைப் பாருங்கள். பழைய பருத்தி நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் மெசினில் போடவேண்டாம்.

எண்ணெய் என்றால் நிறமில்லாத மெசின் எண்ணெய் மட்டுமே. அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. தெமோதரைக் குளிரில் விடியற்காலையில் போத்தலில் தேங்காயெண்ணெய் எப்படி உறைந்து நிற்கிறது என்று பார்த்திருப்பீர்கள், மெசினுக்குள்ளும் அப்படியே நிற்கும். எண்ணெய்த் தொட்டியுள்ள மெசினில் கண்ணாடியில் தெரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் எண்ணெய் இருக்க வேண்டும். கறுத்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

தற்காலிகக் கொட்டகைகளிலும் லயங்களிலும் பல்ப் ஹோல்டரிலிருந்து கம்பி இழுத்து மெசின் ஓட்டுவதைக் காண்கிறோம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கம்பி விளக்குக்கானது, தொழிற்சாலை மோட்டாருக்கல்ல. மூன்று முனைச் சொக்கெட்டும் மண்தொடுப்பும் இல்லாத இடத்தில் இரும்பு மேசையில் ஈரக் காலோடு உட்காருவது உயிருக்கே ஆபத்து. பழைய கிளட்ச் மோட்டார், நாம் தைக்காமல் பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலும் சுற்றி மின்சாரம் எடுக்கும். சேவோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டுமே ஓடும், சத்தமும் குறைவு. மெசின் பழையதானாலும் மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தலைமயிரையும் சால்வை நுனியையும் கட்டிக்கொண்டு உட்காருங்கள், சிறுபிள்ளைகளைக் கத்திப் பக்கம் விடாதீர்கள்.

வாங்குவதானால்

தொழிற்சாலைகள் கழிக்கும் பழைய மெசின்கள் விற்பனைக்கு வருகின்றன. நன்றாகப் பராமரித்த பழைய தொழிற்சாலை மெசின், மலிவான புதிய வீட்டு மெசினைவிட நீண்டகாலம் உழைக்கும். ஆனால் பாரம் அதிகம், தனி மேசை வேண்டும், மறுபடி இடம்பெயர நேர்ந்தால் தூக்கிச் செல்வது சுலபமல்ல. நிலையான வீடு கிடைக்காத குடும்பம் வீட்டு மெசினோடு தொடங்குவதே புத்தி. கடையில் பார்க்கும்போது உங்கள் துணியையே எடுத்துச் செல்லுங்கள்: ஒரு துண்டு சீருடைத் துணி, ஒரு துண்டு பெனியன் துணி. கடைக்காரர் காட்டும் துணியில் எந்த மெசினும் நன்றாகத்தான் தைக்கும். லூப்பர் நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் நூல் அறுக்கும். கைச் சக்கரத்தைச் சுற்றும்போது எங்காவது இடிக்கிறதா, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். உங்கள் கையாலேயே நூல் கழற்றிக் கோத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெசினை வைத்திருந்தால் சண்டை வருவது பெரும்பாலும் இரண்டு விடயத்தில்: ஊசியை யார் உடைத்தது, நூலை யார் முடித்தது. ஆளுக்கு ஓர் ஊசி உறையைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, தன் வேலைக்குத் தன் ஊசியைப் போட்டு, முடிந்ததும் கழற்றி எடுத்துச் செல்வது நல்ல ஏற்பாடு. பொது நூலுக்கு உடுப்புக் கணக்கில் காசு போடுங்கள். எண்ணெய் விடும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும், எல்லாருடைய பொறுப்பாக இருந்தால் யாரும் விடமாட்டார்கள். மெசின் பக்கத்தில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டு, யார் எப்போது உட்கார்ந்தார், என்ன தைத்தார், எழும்பும்போது மெசின் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். “நீல நூல் மேலே வந்தது, கீழ் லூப்பரைக் கால் சுற்று இறுக்கினேன்” என்று ஒரு வரி இருந்தால், அடுத்து உட்காருகிறவர் அதிலிருந்து தன் வேலையைத் தொடங்கலாம்.